ஷார்ட்பிரட்டும் தேநீரும்

ஷார்ட்பிரட் என்பது மாவு, வெண்ணெய், சர்க்கரை ஆகிய மூன்றை மட்டும் கொண்டு குறைந்த சூட்டில் சுடப்படும் ஸ்காட்லாந்து பிஸ்கட். விரல் நீளத் துண்டு, சிறு வட்டம், முக்கோணங்களாக வெட்டப்பட்ட பெரிய வட்டம் என மூன்று வடிவங்களில் விற்கப்படுகிறது. இன்று தேநீருடன் சேர்த்தே பேசப்படும் இப்பண்டம், ஸ்காட்லாந்தில் தேநீரைவிட மூத்ததாகக் கருதப்படுகிறது. இரண்டும் சாதாரண மக்களின் மேசையில் ஒன்றாக வந்து அமர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் போக்கில்தான். அதற்கு முன் ஷார்ட்பிரட் பண்டிகைக்கும் திருமணத்துக்கும் உரியதாக இருந்தது; தேயிலையோ நெடுங்காலம் கடத்தல் படகுகளில் வந்து இறங்கியது.

செய்முறை

ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு என்பது வழக்கமான எடைக் கணக்கு. முட்டை, பால், சோடா எதுவும் சேர்ப்பதில்லை. வெண்ணெயின் கொழுப்பு மாவுத் துகள்களின் மேல் பூசிக்கொள்வதால், ஈரம் புகுந்து குளுட்டன் உருவாவது தடைபடுகிறது. ஆகவே இந்த மாவு சப்பாத்தி மாவுபோல் இழுபடாமல் உதிரும். சுட்ட பின் வாயில் கரைவதும் இதனாலேயே. மாவில் ஒரு பகுதியாக அரிசி மாவைச் சேர்ப்பவர்கள் உண்டு. கடிக்கும்போது மெல்லிய நறநறப்பு கிடைக்கும். சுடுவதற்கு முன் முள்கரண்டியால் மேலெங்கும் குத்துவது ஆவி வெளியேறுவதற்காக. அடுப்பின் சூடு 150 முதல் 160 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் போதும். நன்றாகச் சிவக்கும்வரை விட்டால் வெண்ணெயின் மணம் போய்விடும். வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின் சேர்த்தால் மிஞ்சுவது பெயர் மட்டுமே.

தேநீருடன் இது பொருந்துவதற்கான காரணமும் வெண்ணெயில்தான் இருக்கிறது. நாக்கில் படியும் கொழுப்பைத் தேநீரின் துவர்ப்பும் சூடும் நீக்கிவிடுவதால் அடுத்த கடியும் முதல் கடியாகவே இருக்கிறது. தோய்த்துத் தின்ன இது ஏற்றதல்ல. உதிர்ந்து கோப்பையின் அடியில் தங்கிவிடும். தோய்த்தே தின்பவர்கள் ஸ்காட்லாந்திலேயே இருக்கிறார்கள்.

தொடக்ககாலம்

இடைக்காலத்தில், ரொட்டி சுட்டபின் மிஞ்சிய மாவைச் சூடு தணிந்த அடுப்பில் உலர்த்தி மொறுமொறுப்பாக்கும் வழக்கம் இருந்தது என்றும், அதிலிருந்த ஈஸ்டின் இடத்தை வெண்ணெய் மெல்லப் பிடித்துக்கொண்டதே ஷார்ட்பிரட் ஆயிற்று என்றும் பொதுவாகக் கூறப்படுகிறது. 1561இல் பிரான்சிலிருந்து திரும்பிய ஸ்காட்லாந்து அரசி மேரியின் சமையற்காரர்களே இதைச் செம்மைப்படுத்தினர் என்ற கதை புகழ்பெற்றது. பாவாடை விளிம்பை ஒத்த முக்கோணத் துண்டுகளை அவருடைய விருப்பப் பண்டமாகவும் சொல்வர். இதற்குச் சமகாலச் சான்று காட்டப்படுவதில்லை. எனினும் பிஸ்கட் உறைகள் இக்கதையைக் கைவிடுவதாக இல்லை.

உறுதியான ஆவணம் 1736இல் கிடைக்கிறது. கிளாஸ்கோவில் அவ்வாண்டு அச்சான திருமதி மெக்லின்டாக்கின் சமையல் நூல், ஸ்காட்லாந்தில் வெளிவந்த முதல் சமையல் நூல் எனப்படுகிறது. அதிலுள்ள ஷார்ட்பிரட் குறிப்பில் மாவும் உருக்கிய வெண்ணெயும் இருக்கின்றன. கூடவே பீர் வடிக்கும்போது மேலே திரளும் ஈஸ்ட் நுரையும் இருக்கிறது. ரொட்டியின் பிள்ளை இன்னும் வீட்டைவிட்டு முழுதாக வெளியேறவில்லை எனலாம். 1826இல் கிறிஸ்டியன் இசபெல் ஜான்ஸ்டோன், மெக் டாட்ஸ் என்னும் புனைபெயரில் எழுதிய சமையல் கையேட்டில் ஷார்ட்பிரட் பாதாமும் ஆரஞ்சுத் தோல் மிட்டாயும் சேர்ந்து செல்வச் செழிப்புடன் காட்சியளிக்கிறது. அந்தப் புனைபெயர் வால்டர் ஸ்காட்டின் நாவல் ஒன்றில் வரும் விடுதிக்காரியின் பெயர்.

சடங்குகள்

புத்தாண்டுக்கு முந்தைய இரவான ஹாக்மனேயில், நள்ளிரவுக்குப் பின் வீட்டு வாசலை முதலில் மிதிக்கும் விருந்தாளி நிலக்கரித் துண்டு, விஸ்கி, ஷார்ட்பிரட் ஆகியவற்றுடன் வருவது வழக்கம். ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் 1958 வரை பொது விடுமுறையாக இருக்கவில்லை என்பதை நினைத்தால், ஆண்டின் இனிப்பெல்லாம் புத்தாண்டில் வந்து குவிந்தது புரியும். வட்டமான ஷார்ட்பிரட்டின் விளிம்பில் இடும் வெட்டுகள் சூரியக் கதிர்களைக் குறிப்பன என்றும், கிறிஸ்தவத்துக்கு முந்தைய குளிர்கால விழாவின் எச்சம் என்றும் சொல்வோர் உண்டு. விரலால் விளிம்பைக் கிள்ளினால் அழகாக இருக்கிறது என்பது எளிய விளக்கம்.

திருமண வழக்கம் இதைவிடச் சுவையானது. புதுமணப்பெண் தன் புது வீட்டின் வாசற்படியில் கால் வைக்கும்போது, அலங்கரித்த ஷார்ட்பிரட்டை அவள் தலைக்கு மேல் உடைப்பார்கள். பழங்காலத்தில் இது ஓட்ஸ் மாவில் செய்த அடையாக இருந்தது. ஷெட்லாந்துத் தீவுகளில் இதில் சீமைச் சோம்பு சேர்ப்பார்கள். சிதறிய துண்டுகளை மணமாகாத இளையோர் பொறுக்கிக்கொண்டு போய்த் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவர். வருங்காலத் துணை கனவில் வரும் என்பது நம்பிக்கை. தலையணையில் எறும்பு வந்ததா என்பதை எந்த நூலும் பதிவு செய்யவில்லை.

ரொட்டியா, பிஸ்கட்டா

பிஸ்கட்டுக்கு விதித்த வரியிலிருந்து தப்ப, இதை ரொட்டி வகையிலேயே வைத்திருக்க ஸ்காட்லாந்து அடுமனையாளர்கள் போராடினார்கள் என்ற செய்தி பல நூல்களில் காணப்படுகிறது. ஆனால் எந்த ஆண்டு, எந்தச் சட்டம் என்று அவை சொல்வதில்லை. பிற்காலத்து வரிவிதிகள் தெளிவாக இருக்கின்றன. 1973இல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த மதிப்புக்கூட்டு வரியில் வெறும் ஷார்ட்பிரட்டுக்கு வரி இல்லை. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு முழு வரி உண்டு. அடியில் ஷார்ட்பிரட், நடுவில் கேரமல், மேலே சாக்லேட் என்று அடுக்கிய ‘மில்லியனர்’ துண்டோ கேக் கணக்கில் சேர்ந்து மீண்டும் வரியிலிருந்து தப்பிவிடுகிறது.

தேநீரின் வருகை

1680 வாக்கில் எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனையில் யார்க் கோமகளான மொடேனாவின் மேரி தேநீர் அளித்ததே ஸ்காட்லாந்தில் முதல் தேநீர் என்பர். அடுத்த நூற்றாண்டில் வரி மிக உயர்ந்ததால் தேயிலை பெரும்பாலும் கடத்தலில் வந்தது. கிழக்குக் கடற்கரையின் ஐமத் துறைமுகத்தில் ஜான் நிஸ்பெட் என்ற வணிகர் கட்டிய கன்ஸ்கிரீன் மாளிகையில், தேயிலையைக் கொட்டி ஒளிப்பதற்கான மறைகூடு சுவருக்குள்ளேயே அமைந்திருப்பதை இன்றும் பார்க்கலாம். 1740களில் உயர்நீதிமன்றத் தலைவர் டங்கன் ஃபோர்ப்ஸ், தேநீர் பெருகினால் பீர் விற்பனை படுத்துவிடும், அரசின் வருவாய் குறையும் என்று கண்டித்து எழுதினார். தேநீரைப் புறக்கணிப்பதாகச் சில ஊர்கள் தீர்மானமே போட்டன. 1784இல் வரி 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் கடத்தலுக்கு ஆதாயமில்லை, தீர்மானத்துக்கும் மதிப்பில்லை. ஷார்ட்பிரட்டுக்கு வேண்டிய சர்க்கரையும் கரீபியன் அடிமைத் தோட்டங்களிலிருந்து கிளாஸ்கோ ஆலைகளுக்கு வந்தது. அங்கு முதல் சர்க்கரை ஆலை 1667இலேயே எழுந்துவிட்டது. பிரிட்டனில் சர்க்கரை மீதான தீர்வை 1874இல் நீக்கப்பட்டது.

கிளாஸ்கோ தேநீரகங்கள்

தேநீரும் பலகாரமும் பொது இடத்தில் கூடிய வரலாறு கிளாஸ்கோவில் மிக விரிவாகப் பதிவாகியிருக்கிறது. 1875இல் ஸ்டூவர்ட் கிரான்ஸ்டன் என்ற தேயிலை வணிகர், குவீன் வீதியிலிருந்த தம் கடையில் சில மேசைகள் போட்டு, வாங்குவோர் தேநீரைச் சுவைத்துப் பார்க்க வழிசெய்தார். கோப்பைக்கு இரண்டு பென்னி. ரொட்டிக்கும் கேக்குக்கும் தனிக்காசு. மூன்றாண்டு கழித்து 1878இல் அவருடைய தங்கை கேத்தரின் கிரான்ஸ்டன், ஆர்கைல் வீதியில் தம் சொந்தத் தேநீரகத்தைத் திறந்தார். ஊர் அவரை மிஸ் கிரான்ஸ்டன் என்றே அழைத்தது; 1892இல் ஜான் காக்ரேனை மணந்த பின்னும் கடைப் பலகையில் அப்பெயரே இருந்தது.

கிளாஸ்கோ ஏன் என்ற கேள்விக்குப் பல விடைகள் உண்டு. மதுவிலக்கு இயக்கம் அங்கே வலுவாக இருந்தது. மதுக்கடைக்கு மாற்றாக ஓரிடம் தேவைப்பட்டது. துணை இல்லாமல் பெண்கள் போய் உட்காரக்கூடிய பொது இடம் நகரில் அரிதாக இருந்தது. மற்றொரு காரணத்தைத் தேயிலை வணிகர்கள் மட்டுமே சொல்வர்: தண்ணீர். 1859இல் விக்டோரியா அரசி திறந்துவைத்த நீர்த்திட்டத்தின்வழி கத்ரின் ஏரியின் மென்மையான நீர் நகருக்கு வந்தது. கடின நீரில் மங்கிப்போகும் தேநீர், இந்நீரில் நிறமும் மணமும் குன்றாமல் இறங்கும்.

மிஸ் கிரான்ஸ்டன் இங்கிராம் வீதியிலும் பியூகனன் வீதியிலும் கிளைகள் திறந்தார். பியூகனன் வீதிச் சுவர்களில் 1897 வாக்கில் ஓவியம் தீட்டியவர், அப்போது முப்பதைத் தொடாத கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷ். ஆர்கைல் வீதிக்கு அவர் செய்த உயர்ந்த முதுகுள்ள நாற்காலி பின்னர் உலகப் புகழ் பெற்றது. 1903இல் சாக்கிஹால் வீதியில் திறந்த வில்லோ தேநீரகத்தில் கட்டடத்தின் முகப்பிலிருந்து உள்ளறைகள் வரை அவர் கைவண்ணம்தான். அங்குள்ள ‘ரூம் டி லக்ஸ்’ அறையில் வெள்ளிநிற நாற்காலிகள், ஊதா மெத்தைகள், கண்ணாடிப் பட்டைகள், அவர் மனைவி மார்கரெட் மெக்டொனால்டு செய்த புடைப்போவியம் எல்லாம் இருந்தன. அவ்வறையில் மட்டும் தேநீருக்கு ஒரு பென்னி அதிகம் என்பர். இத்தனை புதுமைக்கு நடுவே உரிமையாளர் மட்டும் அரை நூற்றாண்டுக்கு முந்தைய பாணியில் விரிந்த பாவாடை அணிந்து நடமாடினார்.

அந்நாளைய தேநீரகங்களில் அடுக்குத் தட்டில் ஸ்கோனும் கேக்கும் பிஸ்கட்டுமாக மேசையில் வைத்துவிடுவார்கள். எத்தனை எடுத்தோம் என்று வாடிக்கையாளரே பணம் கட்டும்போது சொல்ல வேண்டும். நம்பிக்கையின் பேரில் நடந்த இக்கணக்கு அயலூரார்க்கு வியப்பாக இருந்தது. ஆயினும் கலை வரலாற்றாசிரியர்கள் நாற்காலிகளுக்கு ஒதுக்கிய பக்கங்களில் சிறு பங்கைக்கூட அத்தட்டுகளுக்கு ஒதுக்கவில்லை. அவற்றில் ஷார்ட்பிரட் எவ்வளவு, கேக் எவ்வளவு என்பது எழுதப்படாமலே போயிற்று.

1917இல் கணவர் இறந்ததும் மிஸ் கிரான்ஸ்டன் தொழிலை விட்டார். 1934இல் அவர் இறந்தபோது சொத்தின் மூன்றில் இரு பங்கு கிளாஸ்கோவின் ஏழைகளுக்குச் சேர்ந்தது. வில்லோ கட்டடம் பின்னாளில் ஒரு பெரிய துணிக்கடையின் பகுதியாயிற்று.

இலங்கைத் தேயிலை

கோப்பையிலிருந்த தேயிலையின் ஒரு பகுதிக்கும் ஸ்காட்லாந்துத் தொடர்பு உண்டு. கின்கார்டின்ஷயரில் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கொழுந்தைத் தம் பங்களா வராந்தாவிலேயே கையால் உருட்டச் செய்தார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்தபின் தேயிலை மலையெங்கும் பரவியது. கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துச்சென்ற தமிழர்கள். நல்ல தரம் கப்பலேறியது. அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களில் மலிவுத் தூளில் தேத்தண்ணி ஊற்றினார்கள். 1890இல் கிளாஸ்கோ மளிகை வணிகர் தாமஸ் லிப்டன் தம்பேதென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கி, இடைத்தரகர் இல்லாமல் பொட்டலம் கட்டி விலையைக் குறைத்தார். தொழிலாளர் வீடுகளில் தேநீர் அன்றாடப் பொருளானதில் அவருக்குப் பங்குண்டு.

ஆலையும் டப்பாவும்

ஜோசப் வாக்கர் 1898இல் ஐம்பது பவுன் கடனுடன் அபர்டீன்ஷயரின் டார்ஃபின்ஸ் சிற்றூரில் அடுமனை திறந்தார். பின்னர் ஸ்பே ஆற்றங்கரையிலுள்ள அபெர்லவருக்கு இடம்பெயர்ந்த அந்நிறுவனம் இன்று உலகெங்கும் அறியப்பட்டது. ஹன்ட்லி ஊரின் டீன்ஸ் நிறுவனமோ 1970களில் ஹெலன் டீன் உள்ளூர்ப் பைப் இசைக்குழுவுக்கு நிதி திரட்ட வீட்டில் சுட்ட ஷார்ட்பிரட்டிலிருந்து வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் வெண்ணெய் 1940 ஜனவரியிலும் தேயிலை அவ்வாண்டு ஜூலையிலும் பங்கீட்டுக்குள் வந்தன. தேயிலை 1952இல் விடுபட்டது. வெண்ணெய் 1954 வரை காத்திருந்தது. அக்காலத்தில் வீடுகளில் சுட்டதை ஷார்ட்பிரட் என்று அழைத்ததற்கு மனவலிமை வேண்டும்.

போருக்குப் பின் சுற்றுலா வளர, டார்டன் கட்டமும் கொம்பு விரித்த மானும் அச்சிட்ட தகர டப்பா நினைவுப் பொருளாயிற்று. ஸ்காட்லாந்தைப் பற்றிய மலிவான கற்பனைகளைச் சாடும் விமர்சகர்கள் இந்த டப்பாவையே உதாரணமாகக் காட்டுவர். டப்பாவின் மேல் எழுந்த இக்குற்றச்சாட்டு உள்ளிருந்த பண்டத்தைத் தொடவில்லை.

அண்மைக்காலம்

விமான உற்பத்தி மானியத் தகராறில் அமெரிக்கா 2019 அக்டோபரில் ஷார்ட்பிரட் மீது 25 சதவீதச் சுங்கம் விதித்தது; 2021 மார்ச்சில் அது நிறுத்திவைக்கப்பட்டது. வில்லோ தேநீரகம் புதுப்பிக்கப்பட்டு 2018இல் மீண்டும் திறந்தது. 2024இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. 2020இல் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து வெளியிட்ட இருபது பவுன் தாளில் மிஸ் கிரான்ஸ்டனின் உருவம் இடம்பெற்றுள்ளது.