வ.உ.சி.யின் வக்கீல் சன்னது



வ.உ.சி. பிறந்தநாளுக்கு நான் எழுதிய பதிவைப் படித்துவிட்டு, என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், ஜெயிலிலிருந்து வந்தபிறகு அவர் ஏன் அரிசி வியாபாரம், மண்ணெண்ணெய் வியாபாரம் என்று கஷ்டப்பட்டார்? கையில் வக்கீல் தொழில் இருந்ததே?"

நல்ல கேள்வி. செக்கிழுத்ததைப் பாடத்தில் சொல்லிவிடுகிறோம். அதைவிட நீண்ட நாள் அவரைத் துரத்திய தண்டனை ஒன்று உண்டு. அதைச் சொல்வதில்லை. அவருடைய சன்னது பறிபோனதுதான் அது.

சன்னது என்பது வக்கீலாகத் தொழில் நடத்த அரசாங்கம் தரும் அனுமதிப் பத்திரம். அந்தக் காலத்தில் வக்கீல்கள் எல்லாரும் ஒரே வரிசையில் இல்லை. லண்டனில் படித்த பாரிஸ்டர் மேலே இருப்பார். ஹைகோர்ட் வக்கீல் அடுத்தபடி. கீழ்க்கோர்ட்டுகளில் வழக்காடும் பிளீடர் கடைசிப்படி. ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சி. பிளீடர். அவர் தகப்பனார் உலகநாத பிள்ளையும் வக்கீல்தான். ஆக அது குடும்பத் தொழில்.

பிளீடர்களைக் கட்டுப்படுத்த 1879இல் ஒரு சட்டம் வந்தது. கட்சிக்காரரை ஏமாற்றியவர், தரகருக்குக் கமிஷன் கொடுத்து வழக்குப் பிடித்தவர் ஆகியோரைக் கீழ்க்கோர்ட்டு விசாரித்து ஹைகோர்ட்டுக்கு எழுதும். ஹைகோர்ட் அவரைச் சில காலம் நிறுத்தி வைக்கலாம், அடியோடு நீக்கவும் செய்யலாம். இதில் யாரும் குறை சொல்ல முடியாது. வழக்குக்காக நிலத்தை அடகு வைத்து வருகிற ஏழைக்கு வேறு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. வக்கீல் தொழிலுக்குத் தகுதியற்றவர் என்று காட்டும் குணக்குறை வெளிப்படுகிற குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவரையும் நீக்கலாம். 'குணக்குறை' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். திருடினால் குணக்குறை. பொய்ப் பத்திரம் எழுதினால் குணக்குறை. வெள்ளைக்காரன் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் விட்டு, கோரல் மில் தொழிலாளிக்காகப் பேசி, ராஜத்துரோகம் என்று தண்டனை பெற்றால் அது எந்தக் குணத்தின் குறை?

1908 ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே திருநெல்வேலியில் தீர்ப்பளித்தார். இருபது இருபது ஆண்டுகளாக இரண்டு தண்டனை, மொத்தம் நாற்பது ஆண்டு. மேல்முறையீட்டில் அது ஆறு ஆண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் இருந்துவிட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்தார். சிறைக்கதவு திறந்தது, கோர்ட்டுக் கதவு திறக்கவில்லை. தண்டனை பெற்றதோடு சன்னது போயிருந்தது. கப்பல் கம்பெனியும் முடிந்துபோயிருந்தது. மனைவி, மக்களோடு சென்னைக்குப் போனார்.

அவருக்கு முறையாகத் தெரிந்த பிழைப்பு வழக்காடுவது ஒன்றுதான். நாற்பது வயதில் அது இல்லை என்றால் மனிதன் என்ன செய்வான்? தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் கொடுத்த சில நூறு ரூபாயைப் பற்றி 1915–16இல் அவருக்கும் காந்தியடிகளுக்கும் கடிதங்கள் நடந்திருக்கின்றன. ஒரு காலத்தில் கப்பல் வாங்கப் பங்கு திரட்டியவர், அந்தத் தொகை எப்போது வரும் என்று காத்திருந்தார். அந்தக் கடிதங்களை நான் படித்தபோது செக்கைப் பற்றிப் படித்ததைவிட மனம் கனத்தது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. 1920இல் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணிக்க வேண்டும் என்றார் காந்தி. மோதிலால் நேரு, சி.ஆர். தாஸ், நம் ராஜாஜி எல்லாரும் நல்ல வருமானத்தை உதறினார்கள். பெரிய தியாகம், மறுக்கவில்லை. ஆனால் வ.உ.சி.க்கு உதறுவதற்கே ஒன்றுமில்லை. அவரிடமிருந்து அதைப் பிடுங்கிப் பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது. கருத்து வேறுபாட்டால் அவர் அந்த ஆண்டோடு காங்கிரசை விட்டு விலகியும் விட்டார்.

காந்திக்கும் இது நேர்ந்தது. 1922 மார்ச்சில் அகமதாபாத்தில் ஆறு ஆண்டு தண்டனை. அவர் பாரிஸ்டரான லண்டன் இன்னர் டெம்பிள் சங்கம், அந்த நவம்பரிலேயே அவர் பெயரை நீக்கிவிட்டது. திரும்பச் சேர்த்தது 1988இல், அவர் மறைந்து நாற்பது ஆண்டு கழித்து. அதற்குள் வழக்கு நடத்தும் எண்ணத்தையே காந்தி எப்போதோ விட்டிருந்தார். அவருக்கு அது வெறும் பெயர்ப்பட்டியல். வ.உ.சி.க்கு அது அடுப்பில் உலை.

கடைசியில் உதவியவரும் ஒரு வெள்ளைக்காரர்தான். இ.எச். வாலஸ் என்ற நீதிபதி வ.உ.சி.யை அறிந்தவர். 1920களில் அவருடைய முயற்சியால் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றி மறவாத வ.உ.சி. தம் மகன் ஒருவருக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். பிள்ளையார், முருகன் பெயர் வைக்கிற சைவக் குடும்பத்தில் ஆங்கில நீதிபதியின் பெயர் ஈஸ்வரனோடு சேர்ந்து நுழைந்த கதை இது!

இப்போது இந்த அதிகாரம் யார் கையில் என்று கேட்பீர்கள். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, புகார் மாநில பார் கவுன்சிலுக்குப் போகும். அதன் ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். கண்டிக்கலாம், தற்காலிகமாக நிறுத்தலாம், பெயரை நீக்கலாம். அதன்மேல் இந்திய பார் கவுன்சிலுக்கும் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு உண்டு. ஓராண்டில் முடியாவிட்டால் புகார் தானாகவே இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவர் வக்கீலாகப் பதிவு செய்யத் தடை இருக்கிறது. அதுவும் விடுதலையாகி இரண்டு ஆண்டோடு தீரும். வக்கீலை வக்கீலே விசாரித்தால் நியாயம் கிடைக்குமா என்று சிலர் முணுமுணுப்பார்கள். அதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஆளுகிறவனே நீக்குவதைவிட இது மேல் என்பது என் கட்சி.

சன்னது வந்தபின் வ.உ.சி. கோவில்பட்டியில் வழக்காடினார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பிக்கும் வேலையும் கூடவே நடந்தது. 1932இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். தொழில் கிடைத்தது, இழந்த ஆண்டுகளின் வருமானம் கிடைக்கவில்லை. 1936 நவம்பர் 18இல் காலமானார். அவர் எழுதிவைத்த உயிலில், யார் யாருக்குத் தாம் எவ்வளவு கடன் தர வேண்டும் என்பதைக் கடை பாக்கி வரைக்கும் குறித்து வைத்திருந்தார்.