அமைதிப் பள்ளத்தாக்கின் ஒலிகள்: மலைக்காட்டுக் காப்பு வரலாறு குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

நிலத்திற்குரிய கருப்பொருள்களைத் தொகுத்த தொல்காப்பியம் விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்துள்ளது. ஒரு நிலத்தைக் கண்ணால் மட்டுமன்றிச் செவியாலும் அறியலாம் என்னும் எண்ணத்தை இவ்வகைப்பாட்டில் காண்கிறோம். தற்காலக் காட்டுக் காப்பு வரலாற்றில் செவிக்குரிய இடம் நெடுங்காலம் வெறுமையாகவே இருந்தது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரியை ஒட்டி அமைந்துள்ள அமைதிப் பள்ளத்தாக்கைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

பெயர்க் காரணம்

இப்பகுதியை உள்ளூர் மக்கள் சைரந்திரிவனம் என வழங்கினர். சைரந்திரி என்பது கரந்துறை வாழ்க்கையில் திரௌபதி ஏற்ற பெயராகும். 1847ஆம் ஆண்டில் தாவரவியலறிஞர் இராபர்ட் வைட் இங்கு ஆய்வு மேற்கொண்டார். 'சைலண்ட் வேலி' என்னும் ஆங்கிலப் பெயருக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. சைரந்திரி என்பதன் திரிபு என்பர் சிலர். சிங்கவால் குரங்கின் அறிவியற்பெயரான 'மக்காக்கா சைலெனஸ்' என்பதோடு தொடர்புடையது என்பர் வேறு சிலர். சிள்வண்டின் ஒலி இல்லாமையே காரணம் என்பாரும் உளர். எனினும், இக்காடு ஊமைக்காடு அன்று. கருமந்தியின் முழக்கமும், சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கையும், இருவாச்சியின் சிறகோசையும் நிறைந்த மழைக்காடு இது. பெயர் சுட்டும் 'அமைதி'யை மனிதப் பேரோசையின் இன்மை என்று கொள்வதே பொருந்தும்.

அணையும் எதிர்ப்பும்

குந்திப்புழை ஆற்றின் குறுக்கே 120 மெகாவாட் நீர்மின் திட்டத்திற்கு 1973இல் திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், பறவையியலறிஞர் சாலிம் அலி, கவிஞர் சுகதகுமாரி முதலியோர் காட்டைக் காக்கக் குரல் கொடுத்தனர். திட்டம் கைவிடப்பட்டு, 1984 நவம்பர் 15 அன்று இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. விவாதம் பெரிதும் மின்சாரத்தையும், மரங்களையும், அரிய உயிரினங்களையும் சுற்றியே நிகழ்ந்தது. ஆயினும், காடு காக்கப்பட்டபோது அதன் ஒலியும் உடன் காக்கப்பட்டது.

ஒலி என்னும் சான்று

அதே பத்தாண்டில்தான், 1977இல், கனடிய இசையறிஞர் மரே ஷேஃபர் தம் நூலின்வழி 'ஒலிநிலம்' என்னும் கருத்தைப் பரவச் செய்தார். அதன் பயனை அமெரிக்க ஒலிப்பதிவாளர் பெர்னி கிராஸின் பணி உணர்த்துகிறது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையிலுள்ள லிங்கன் புல்வெளியில், மரங்களைத் தேர்ந்து வெட்டுவதற்கு முன்னர் 1988இலும் வெட்டிய பின்னர் 1989இலும் அவர் ஒலிப்பதிவு செய்தார். நிழற்படத்தில் இடம் மாறாததுபோலவே தோன்றியது. ஒலிப்பதிவிலோ பறவைகளின் குரல்வளம் பெரிதும் குன்றியிருந்தது. கண்ணுக்குத் தப்பிய இழப்பைச் செவி கண்டுகொண்டது. அடர்காட்டில் ஒன்றையொன்று காண இயலாத உயிர்கள் குரலாலேயே எல்லை வகுத்து, துணை தேடி, இடர் அறிவிக்கின்றன. இயந்திர இரைச்சல் அக்குரலை மூடினால், மரம் நின்றும் வாழ்வு குலையும்.

இதனை உணர்ந்த அமெரிக்கத் தேசியப் பூங்காப் பணியகம், இயற்கை ஒலிகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டில் தனி ஆணை பிறப்பித்தது. இந்தியாவிலும் அதே ஆண்டில் ஒலி மாசு விதிகள் வந்தன. ஆனால், அவ்விதிகள் வகுத்த அமைதி மண்டலங்கள் முதன்மையாக மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றின் சுற்றுப்புறங்களையே கருதின. அவை மனிதச் செவிக்கான ஏற்பாடுகள்.

முடிவுரை

அமைதிப் பள்ளத்தாக்கில் மரங்களை எண்ணியதுபோல் குரல்களையும் பருவந்தோறும் பதிவுசெய்து பேணுதல் வேண்டும். இன்றைய பதிவு இல்லையேல், நாளை எது குறைந்தது என்று ஒப்பிட்டறிய வழியிராது. போராடிக் காத்த காட்டைச் செவிமடுப்பதும் அக்காப்பின் தொடர்ச்சியே எனலாம்.