வடலூரில் மூண்ட அடுப்பு

குறிஞ்சிப்பாடியிலிருந்து நெய்வேலிக்குச் செல்வோர் வடலூரைக் கடந்தே செல்லுதல் வேண்டும். இராமலிங்க அடிகளால் புகழ்பெற்ற ஊர் அது. அடிகளின் வரலாற்றைச் சொல்லுவோர் பெரும்பாலும் அவருடைய அற்புதங்களையே சொல்லுவர். அவர் எண்ணியவை எத்தனை முறை கைகூடாமற் போயின என்பதை இன்று காண்போம். எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் அவர் மருதூரில் பிறந்தார். சில திங்களிலேயே தந்தையார் மறைந்தார். சென்னையில் வளர்த்த தமையனார், தம்பி கற்றுக் குடும்பத்தைத் தாங்குவான் என்று எதிர்பார்த்தார். தம்பியோ கந்தகோட்டத்துச் சந்நிதியில் பாடி நின்றார். 1858இல் சென்னையை நீங்கி, வடலூரை அடுத்த கருங்குழிக்கு வந்தார்.

எங்கும் பசி அவர் கண்ணிற் பட்டது. இறைவன் பார்த்துக்கொள்வான் என்று அவர் வாளா இருந்தாரில்லை. பார்வதிபுரத்தார் அளித்த 80 காணி நிலத்தில், 1867 மே 23ஆம் நாள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். அவ்வாண்டே திருவருட்பா அச்சேறியது. உடனே கண்டனமும் எழுந்தது. ஆறுமுக நாவலர் அதற்கு அருட்பா என்னும் பெயர் தகாது என்றார். 1869இல் அப்பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருவரும் சிவநேயச் செல்வர்களே!

சாதி சமய வேற்றுமையின்றி யாவரும் ஒளியை வழிபடுதற்காக 1872 ஜனவரி 25ஆம் நாள் சத்திய ஞானசபை நிறுவப்பெற்றது. அடிகள் கருதிய நெறியில் நின்றோர் சிலரே. சபையைப் பூட்டினார். பண்டத்தைப் பரப்பி வைத்தும் வாங்குவாரைக் காணாத வணிகனைப் போல நொந்தார். கடவுளை நம்பினோர்க்கு ஏமாற்றமே இல்லை என்பது உண்மையாயின், இவர் நொந்திருக்க மாட்டார். நொந்தும் இறைவன்பால் அவர் வைத்த பற்றுத் தளரவில்லை. 1873இன் இறுதியில் தம் அறையிலிருந்த விளக்கை வெளியே வைத்து, அதனை வழிபடுமாறு அன்பர்களைப் பணித்தார். அடுப்பை அவிக்கச் சொன்னாரில்லை.

1874 ஜனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் அறையினுட் புகுந்தார். ஒளியிற் கலந்தார் என்பது அன்பர் கொள்கை. அதன்பின் அவரை எவரும் கண்டிலர் என்று 1906இல் வெளிவந்த தென்னார்க்காட்டு மாவட்ட விவரச்சுவடி குறிக்கின்றது.

இரண்டாண்டு கழித்து, 1876இல், சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பற்றியது. 1878 வரை பல இலட்சம் மக்கள் மாண்டனர். பாடியவர் இல்லை. தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பசித்து வருவோர்க்கு இன்றும் அங்கே சோறு வடிக்கப்படுகிறது.