பேதி உப்பின் நெடும்பயணம்

இங்கிலாந்தின் எப்சம் ஊரில் 1618 வாக்கில் ஓர் ஊற்று கண்டுபிடிக்கப்பட்டது. அதில் மாடுகள்கூட வாய் வைக்கவில்லையாம். தண்ணீர் அவ்வளவு கசப்பு. அந்த நீரிலிருந்து கிடைத்த வெள்ளை உப்பைப் பற்றி நெகேமியா க்ரூ 1695-ல் நூலே எழுதினார். மக்னீசியம் சல்பேட் என்கிற அந்த உப்பு இருநூறு ஆண்டுகள் பேதி மருந்தாகத்தான் காலம் தள்ளியது.

அதே காலத்தில், இரத்த அழுத்தம் எகிறி, தலைவலியில் துடித்து, கண் மங்கி, வலிப்பு கண்டு கர்ப்பிணிகள் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களை இருட்டறையில் கிடத்தி, மயக்க மருந்து கொடுத்துக் காத்திருப்பதே வைத்தியமாக இருந்தது. 1906-ல் ஜெர்மனியில் ஹார்ன் என்ற மருத்துவர் இந்த உப்பை முதுகுத்தண்டில் செலுத்தி வலிப்பை அடக்கினார். 1920-களில் அமெரிக்காவில் அது நரம்பூசியாகவும் தசை ஊசியாகவும் மாறியது. டல்லஸ் நகரின் பார்க்லாண்ட் மருத்துவமனையில் ஜாக் பிரிட்சர்ட் அதற்கு ஓர் அளவுமுறை வகுத்தார். அங்கே வலிப்பு கண்ட 245 தாய்மாரில் ஒருவரே இறந்தார் என 1984-ல் அவர் குழு எழுதியது.

ஆனாலும் பல நாடுகள் வேறு வலிப்பு மருந்துகளான டயசிபாமையும் ஃபெனிடாயினையும் விடவில்லை. 1995-ல் வெளியான, இந்தியா உட்படப் பல நாடுகளில் சுமார் 1,700 பெண்களிடம் நடந்த ஆய்வு வழக்கைத் தீர்த்தது. இந்த உப்பைப் பெற்றவர்களுக்கு மீண்டும் வலிப்பு வருவது டயசிபாமோடு ஒப்பிட்டால் பாதியாகவும், ஃபெனிடாயினோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒன்றாகவும் குறைந்தது. 2002-ல் வெளியான, 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் நடந்த 'மேக்பை' ஆய்வு, இதை முன்கூட்டியே போட்டால் வலிப்பே வராமல் பெருமளவு தடுக்கலாம் என்று காட்டியது.

இன்று பிரசவ வார்டில், மக்னீசியம் சல்பேட்டின் சுருக்கப் பெயரான 'மேக்சல்ஃப்' என்றால் எல்லாருக்கும் தெரியும். அது அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தல்ல. இரத்த அழுத்தம் 160/110-ஐ எட்டினால் லாபெட்டலாலோ நிஃபெடிபினோ தனியே வேண்டும். நோய் தணியத் தொடங்குவது பிரசவத்துக்குப் பிறகுதான். உப்பின் அளவு மிஞ்சினால் மூச்சு நிற்கும். அதனால் செவிலியர் முழங்கால் அனிச்சை, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு மூன்றையும் மணிக்கு ஒருமுறை பார்க்கிறார். முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கையருகே இருக்கும்.

மருந்து மலிவு, அதைப் பயன்படுத்தும் வழியும் தெரியும். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் முதல் ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடலாம். அதற்கு ஒவ்வொரு கர்ப்பிணியின் அழுத்தத்தையும் தவறாமல் அளக்க வேண்டும்; தலைவலி என்று அவள் சொன்னால் உடனே காது கொடுக்க வேண்டும்.