யூ மரமும் அதற்குள் இருந்த விருந்தாளியும்



சென்ற மாத நிகழ்ச்சி முடிந்ததும் ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, டாக்சோல் எண்ட புற்றுநோய் மருந்தை மரத்துக்குள்ளை இருக்கிற ஒரு பூஞ்சணமே செய்யுதாம். அதை வளர்த்து எடுக்கலாம்தானே? ஏன் மறைக்கிறாங்கள்?" என்று கேட்டார். அவருடைய மகள் அதே மருந்தைத்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன். நான் கணக்காளன், கணக்காகத்தான் சொல்ல வரும்.

1962 ஆகஸ்டில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காடொன்றில் ஆர்தர் பார்க்ளே என்ற தாவரவியலாளர் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். புற்றுநோய்க்கு மருந்து தேடி ஆயிரக்கணக்கான செடிகளைச் சோதித்த அரசுத் திட்டம் அது. வட கரோலினாவில் மன்ரோ வோல், இந்தியாவில் பிறந்த மன்சுக் வானி ஆகியோர் அந்தப் பட்டையிலிருந்து டாக்சோலைப் பிரித்து, 1971 இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். 1979 இல் சூசன் ஹோர்விற்ஸ் அது வேலை செய்யும் விதத்தைக் கண்டறிந்தார். கலம் பிரியும்போது அதனுள் உள்ள நுண்குழாய்கள் கட்டப்பட்டும் கலைந்தும் இயங்க வேண்டும். டாக்சோல் அவற்றைக் கலைய விடாது. புற்றுக் கலம் பிரிய முடியாமல் மடியும். 1992 இல் சூலகப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது.

இனிச் செலவுப் பக்கம். நூறு வயது மரமொன்றில் கிடைப்பது ஏறத்தாழ 3 கிலோ பட்டை. அதிலிருந்து வருவது சுமார் 300 மில்லிகிராம் மருந்து, அதாவது ஒரு நோயாளிக்கு ஒரு தடவைக்குரிய அளவு. பட்டை உரித்தால் மரம் பட்டுப்போகும். நோயாளியா, மரமா என்ற வாதம் கிளம்பியது.

அப்போதுதான், 1993 இல், மொன்டானாவில் அன்ட்ரியா ஸ்டியர்ல், கேரி ஸ்ட்ரோபல் ஆகியோரின் குழு ஒரு செய்தியை வெளியிட்டது. யூ மரப் பட்டைக்குள் வாழும் ஒரு பூஞ்சணம் தனியே வளர்த்தாலும் டாக்சோலைத் தருகிறது என்றார்கள். உலகமே மகிழ்ந்தது. ஆனால் கிடைத்தது லீற்றருக்கு அதிகபட்சம் 50 நனோகிராம். ஒரு நனோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. பெருக்கிப் பாருங்கள்: ஒரு தடவை மருந்துக்கு 60 இலட்சம் லீற்றர் வளர்ப்புக் கரைசல் வேண்டும்!

2013 இல் ஜெர்மன் ஆய்வுக் குழு ஒன்று அதே பூஞ்சணத்தின் மரபணுக்களை ஆராய்ந்தது. அது தானாக டாக்சோல் செய்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. முன்பு கண்டது மரத்திலிருந்து ஒட்டிவந்த மிச்சமாக இருக்கலாம் என்றார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், வேறொருவர் வரவைத் தன் பேரேட்டில் பதிந்த கதை.

மரங்களைக் காப்பாற்றியவை இலைகள். ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து ஒரு மூலப்பொருளை எடுத்து, ஆய்வுகூடத்தில் டாக்சோலாக மாற்றும் முறைக்கு 1994 இல் அனுமதி கிடைத்தது. இலை மறுபடியும் துளிர்க்கும். பின்னர் யூ மரக் கலங்களைத் தொட்டிகளில் வளர்த்தும் மருந்து எடுத்தார்கள்.

ஆகவே அம்மா, யாரும் மறைக்கவில்லை. சரிபார்த்தபோது கணக்கு ஒத்துவரவில்லை, அதையும் வெளிப்படையாகவே எழுதினார்கள். 1993 ஆய்வு வீணும் அல்ல. மூலிகையை ஆராய்கிறவர்கள் இன்று அதற்குள் வாழும் விருந்தாளிகளையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

மகள் சுகம் பெறட்டும். அடுத்த மாதம் சந்திப்போம்.