மணமுறிவும் மக்கட்காவலும்: மாவட்ட நீதிமன்றங்களில் ஒரு வரலாற்று நோக்கு

மணவுறவு முறியும்பொழுது நீதிமன்றத்தின் முன் இரு வினாக்கள் ஒருங்கே வந்து நிற்கின்றன. கணவன், மனைவி என்னும் இருவருள் எவர் பிழைசெய்தார் என்பது ஒன்று. அவ்விருவருக்கும் பிறந்த மக்கள் இனி எவர் நிழலில் வளர்தல் நன்று என்பது மற்றொன்று. முன்னையது சென்ற காலத்தைக் கிளறுவது. பின்னையது வருங்காலத்தைக் கருதுவது. இயல்பால் வேறுபட்ட இவ்விரு வினாக்களையும் ஒரே வழக்கில், ஒரே நீதிபதி, பெரும்பாலும் அதே சாட்சிகளின் வாய்மொழி கொண்டே தீர்க்கவேண்டியவராகின்றார். இலங்கை மாவட்ட நீதிமன்றங்களின் வரலாற்றில் முதல் வினா நூறாண்டைக் கடந்தும் பெரிதும் மாறாது நின்றது. இரண்டாம் வினாவுக்கான விடையோ படிப்படியாக அடியோடு மாறிற்று. ஒன்று நிற்க மற்றொன்று நகர்ந்த இவ்வரலாறு ஆராயத்தக்கது.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை எழுத்தில் வடிக்கும் பணியை ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை மேற்கொண்டார். 1707 ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய அத்தொகுப்பு தமிழிற் பெயர்க்கப்பட்டு, பன்னிரு முதலியார்களின் ஆராய்வுக்கு விடப்பட்டு, அவர்தம் உடன்பாட்டையும் பெற்றது. பின்வந்த ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு அளித்தனர். தேசவழமை என வழங்கும் அத்தொகுப்பில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொத்துப் பகுப்புகளே முதலிடம் பெறுகின்றன. பிள்ளைகளைப் பற்றிய விதிகளும் அச்சொத்து விதிகளோடு பின்னிப் பிணைந்தே காணப்படுகின்றன.

அவற்றுள் ஒன்று சிறப்பாக நோக்கற்பாலது. மனைவியை இழந்த ஒருவன் மறுமணம் செய்ய விரும்பின், இளம்பிள்ளைகளை அவனுடைய மாமியாரேனும் நெருங்கிய உறவினரேனும் ஏற்று வளர்ப்பது வழக்கு. அவ்வாறு பிள்ளைகளை ஒப்படைக்குங்கால், இறந்த மனைவி கொணர்ந்த சொத்து முழுவதையும், முதன்மணக் காலத்துத் தேடியதேட்டத்திற் பாதியையும் தந்தை உடன் ஒப்படைத்தல் வேண்டும். பிள்ளை செல்லும் வீட்டுக்கே பிள்ளையின் பொருளும் செல்லுதல் வேண்டும் என்பதே இதன் உட்கிடை. தாயற்ற குழந்தையின் நலன் குறித்துச் சமூகம் கொண்டிருந்த கவலையை இவ்விதி புலப்படுத்துகின்றது. ஆயினும் இது சாவினால் நேர்ந்த பிரிவுக்கு விதித்ததாகும். உயிரோடிருக்கும் கணவனும் மனைவியும் பிரியுமிடத்து மணத்தை முறிப்பது எங்ஙனம், மக்களைக் காப்பவர் யாவர் என்பவற்றுக்கு விரிவான நெறியெதனையும் தேசவழமை வகுத்திலது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் சொத்துரிமையையே பொருளாகக் கொண்டது.

தனிவழமை வாய்திறவாத இடங்களில் நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம–ஒல்லாந்தச் சட்டம் புகுந்தது. 1833 ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் நாடெங்கும் ஒரே வகையான மாவட்ட நீதிமன்றங்களை நிறுவியபின், மணமுறிவு வழக்குகளை விசாரிக்கும் இடமாக அவையே அமைந்தன. 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மணமுறிவுக்குரிய ஏதுக்களை மூன்றென வரையறுத்தது. மணத்தின் பின் நிகழ்ந்த வியபிசாரம், வன்மத்துடன் கைவிடுதல், மணவேளையிலேயே அமைந்திருந்த தீராத ஆண்மையின்மை போன்ற குறைபாடு என்பன அவை. இவற்றுள் முதலிரண்டும் வெளிப்படையாகக் குற்றத்தை அடிப்படையாகக் கொண்டவை. இந்நாட்டிலேயே வேறு நெறிகளும் பக்கத்தில் நிலவின என்பது கருதத்தக்கது. 1952 ஆம் ஆண்டின் கண்டிய விவாக விவாகரத்துச் சட்டம் இருவரும் மனமொத்துப் பிரிவதற்கு மாவட்டப் பதிவாளரிடமே வழிவகுத்தது. முஸ்லிம்களின் மணமுறிவுகள் 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி காதி நீதிமன்றங்களிற் கேட்கப்பட்டன. பொதுச் சட்டத்தின்கீழ் மணந்தோருக்கும் யாழ்ப்பாணத் தமிழருக்குமோ, உடன்பாடு ஒன்றே மணமுறிவுக்குப் போதுமானதாகவில்லை.

வழக்கின் நடைமுறையை 1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை வகுத்தது. வாதி வழக்குரையைத் தாக்கல் செய்ய, எதிராளிக்கு அழைப்பாணை அனுப்பப்படும். மனைவி பிறனொருவனோடு கூடினாள் எனக் கணவன் குற்றஞ்சாட்டின், பொதுவாக அப்பிறனையும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்த்தல் வேண்டும். அவனிடமிருந்து இழப்பீடு கோரவும் இடமுண்டு. இருவரும் சூழ்ச்சியால் ஒத்துப்போய் வழக்கிட்டதாகத் தோன்றினும், வாதி பிழைக்கு உடந்தையாயிருந்தாலும், பிழையை மன்னித்து மீண்டும் கூடி வாழ்ந்தாலும் மணமுறிவு கிடையாது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டபின்னரும் முதலில் வழங்கப்படுவது நிபந்தனைத் தீர்ப்பாணையே. குறைந்தது மூன்று மாதங்கள் கழிந்த பின்பே அது முடிவான தீர்ப்பாணையாகும். வழக்கு நடைபெறும் காலத்திலும் தீர்ப்பின்போதும் பிள்ளைகளின் காவல், தாபரிப்பு, கல்வி ஆகியன குறித்துக் கட்டளையிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. பிரக்கிராசிமாரும் அப்புக்காத்துமாரும் தனித்தனித் தொழிலினராயிருந்த காலத்தும், 1973 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விரு தொழில்களையும் ஒன்றாக்கிய பின்னரும், வழக்கின் இப்போக்கிற் பெருமாற்றம் நேர்ந்திலது.

இந்நடைமுறையின் விளைவு ஒன்றுண்டு. பிரிவதற்கு இருவரும் உள்ளூர உடன்பட்டிருப்பினும், ஒருவர் மற்றவரைக் குற்றவாளியாக்கியே தீரவேண்டும். எதிராளி மன்றுக்கு வாராதிருக்க, ஒருதலை விசாரணையாகக் கைவிடுதல் மெய்ப்பிக்கப்படும் வழக்குகள் பல. எதிர்த்து வாதாடப்படும் வழக்குகளிலோ, இல்லறத்தின் அந்தரங்கமெல்லாம் திறந்த மன்றில் எடுத்துரைக்கப்படும். பிள்ளையின் பாட்டனாரும் மாமனும் சிற்றப்பனும் இருபுறத்துச் சாட்சிகளாக நிற்பர். தீர்ப்பு எவர் பக்கமாயினும், அப்பிள்ளை பின்னர் உறவாட வேண்டியவர்கள் அவ்விருபுறத்தாருமே.

பிள்ளையின் காவலைப் பற்றிய பழைய கொள்கையும் இக்குற்ற நோக்கைத் தழுவியதே. உரோம–ஒல்லாந்தச் சட்டத்தில் மணவாழ்வு நிலைத்திருக்கும்வரை தந்தையே இயற்கைக் காப்பாளர். காவலில் அவருக்கே முன்னுரிமை. மணம் முறியுமிடத்துக் குற்றமற்றவர் எவரோ அவர்பால் காவல் செல்லும் என்பது பொதுவான போக்கு. 1939 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்க மேன்முறையீட்டு மன்று, மணமுறிவின்றிப் பிரிந்து வாழ்வோர் வழக்கொன்றில், பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ கேடு நேருமென்று காட்டினாலன்றித் தந்தையின் உரிமையை மறுத்தலாகாது எனக் கொண்டது. இலங்கை நீதிமன்றங்கள் 1950களில் அக்கருத்தைப் பின்பற்றின. தாய் தன் அன்பையும் பராமரிப்பையும் எடுத்துக்காட்டுதல் மட்டும் போதவில்லை. தந்தையிடம் இருப்பது தீங்கென்று நிறுவும் சுமை அவள்மேல் வீழ்ந்தது.

இக்கொள்கை நெடுநாள் அசையாது நிற்கவில்லை. பால்மணம் மாறாத குழந்தைக்குத் தாயின் அணைப்பே இயற்கை என்னும் கருத்து 1960களின் தீர்ப்புகளிற் கால்கொண்டது. பெண்குழந்தை, நோயுற்ற குழந்தை, நெடுங்காலம் ஓரிடத்தில் வேரூன்றிய குழந்தை என ஒவ்வொரு பிள்ளையின் நிலையும் தனித்தனியே நோக்கப்படலாயிற்று. உரிமை எவருடையது என்ற வினா மெல்லப் பின்வாங்க, நலன் எங்குளது என்ற வினா முன்வந்தது. 1991 ஆம் ஆண்டில் இலங்கை சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம், பிள்ளைகள் தொடர்பான விடயங்களில் நீதிமன்றங்கள் உள்ளிட்ட யாவரும் பிள்ளையின் நலனையே தலையாயதாகக் கொள்ள வேண்டுமென விதித்தது. நீதிபதிகள் ஏலவே நடந்து தடம்பதித்த வழியையே சட்டம் பின்னர் நெடுஞ்சாலையாக்கியது எனலாம்.

முதல் வினாவின் வரலாறு இதற்கு மாறானது. 1959 ஆம் ஆண்டில் அறிக்கையளித்த விவாக விவாகரத்து ஆணைக்குழு, மணவாழ்வு சீர்ப்படாவண்ணம் குலைந்தமையையே மணமுறிவுக்கு அடிப்படையாக்கலாமெனப் பரிந்துரைத்தது. 1970களின் நடுவிற் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தம் அக்கொள்கையைத் தழுவியதாயினும் சில ஆண்டுகளே நிலைத்தது. 1977 இல் பழைய கோவையே மீண்டது. அவ்வாண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தாற் சேர்க்கப்பட்ட ஏற்பாடொன்று, ஏழாண்டுகள் பிரிந்து வாழ்ந்தோர் மணமுறிவு கோரலாமென மொழிந்தது. குற்றம் நாடாத நெறிக்கு வாயில் திறந்ததெனப் பலர் கருதினர். ஆனால் 1986 ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளியான உயர் நீதிமன்றத் தீர்ப்பு, அவ்வேற்பாடு நடைமுறையை மட்டுமே மாற்றியது என்றும், 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏதுக்களுள் ஒன்றை மெய்ப்பித்தல் இன்றியமையாதது என்றும் தெளிவுறுத்தியது. 1978 ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் குடும்ப நீதிமன்றம் என்றொரு மன்றையும் வகுத்தது. அதன் அதிகாரமும் விரைவில் மாவட்ட நீதிமன்றத்தையே வந்தடைந்தது.

மணமுறிவு வழக்கே காவலுக்குரிய ஒரே வழியுமன்று. பிள்ளையை ஒருவர் கவர்ந்து சென்று மறைத்தவிடத்து மற்றவர் ஆட்கொணர்வு எழுத்தாணை வேண்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்தையும், 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் மாகாண மேல் நீதிமன்றத்தையும் நாடலாம். தாபரிப்புப் பணம் வேண்டின் நீதவான் நீதிமன்றமே இடம். 1889 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் இடத்தில் வந்த 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டம் அங்கு ஆளுகின்றது. கடல்கடந்து கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைகளை மீட்பதற்கு 2001 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் ஏக் நகரச் சமவாயத்தை இந்நாட்டிற் செயற்படுத்தியது. போரினாற் குடும்பங்கள் பல நாடுகளிற் சிதறுண்ட வடபுலத்துக்கு இச்சட்டத்தின் இன்றியமையாமை விளக்கவேண்டுவதன்று. இவ்வாறு ஒரு குடும்பத்தின் துன்பம் மூன்று நான்கு மன்றுகளின் வாயிலில் ஒரே காலத்திற் காத்து நிற்றலும் கூடும்.

காவலைத் தீர்மானிக்கும் நீதிபதி பெற்றாரின் வாய்மொழியோடு அமைவதில்லை. நன்னடத்தை அதிகாரி இரு இல்லங்களையும் கண்டு அளிக்கும் அறிக்கையை வேண்டுவர். விவரமறிந்த பிள்ளையாயின் தமது அறைக்கு அழைத்துத் தனியே உரையாடுவர். காவல் ஒருவர்பாற் சென்றாலும், மற்றவர் குறித்த நாளிற் பிள்ளையைக் காணவும் விடுமுறையில் உடன்வைத்திருக்கவும் வழிசெய்வர். இவை யாவற்றிலும் சிறப்பானது, காவற் கட்டளை என்றும் இறுதியானதன்று என்னும் நெறி. மணத்தை முறித்த தீர்ப்பாணை முடிவானபின் திரும்புவதில்லை. பிள்ளையைப் பற்றிய கட்டளையோ, பிள்ளை வளர்ந்து நிலைமை மாறுமிடத்து, மீண்டும் ஆராயப்படும்.

இவ்வேறுபாட்டிலேயே சட்டத்தின் இரு முகங்களும் தோன்றுகின்றன. பெற்றாரை நோக்கும் முகம் குற்றத்தை அளந்து கணக்கை முடிக்கின்றது. பிள்ளையை நோக்கும் முகம் கணக்கை முடியாது வைத்திருக்கின்றது. ஒரே மன்றில் இவ்விரண்டும் ஒருங்கே இயங்குங்கால், முன்னதன் கடுமை பின்னதன் கனிவைக் குலைத்தல் இயல்பு. தாயைத் தூற்றி வென்ற தந்தையும், தந்தையைத் தூற்றி வென்ற தாயும், அத்தூற்றுரைகளைக் கேட்ட பிள்ளையோடுதான் வீடு திரும்ப வேண்டும். பிள்ளையின் நலனே தலையாயது என்ற கொள்கையைப் பேணும் சட்டம், அந்நலனைச் சிதைக்கும் வழக்குமுறையை எத்துணைக் காலம் உடன்வைத்துப் போற்றலாம் என்பது சட்டமியற்றுவோர் விடையிறுக்க வேண்டிய வினாவாகும்.