படிகக் காட்டின் படிகங்கள் எங்கே போயின?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஹோல்புரூக் என்ற ஊருக்குக் கிழக்கே, பாலைநிலத்தில் அமைந்துள்ளது கல்மரத் தேசியப் பூங்கா. அங்கே 'கிரிஸ்டல் ஃபாரஸ்ட்', அதாவது படிகக் காடு, என்று ஒரு நடைபாதை உண்டு. நீளம் சுமார் 1.2 கி.மீ. தளம் போட்ட பாதை என்பதால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் சுற்றி வந்துவிடலாம். நிழல் மட்டும் கிடையாது. தண்ணீரும் தொப்பியும் அவசியம்.

பாதையின் இருபுறமும் கல்லாகிப் போன மரங்கள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. ஆனால் பெயருக்குக் காரணமான பெரிய படிகங்களை அங்கே காண்பது அரிது. அவை எங்கே போயின?

சுமார் 22 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி பூமத்திய ரேகைக்கு அருகில், ஆறுகள் ஓடிய பசுமையான நிலமாக இருந்தது. வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள் வண்டலில் புதைந்தன. எரிமலைச் சாம்பலில் இருந்த சிலிக்கா நிலத்தடி நீரில் கரைந்து மரத்துக்குள் ஊறி, மெல்ல மெல்லக் குவார்ட்ஸ் கல்லாக மாறியது. இரும்புச் சத்து சிவப்பும் மஞ்சளும் தந்தது. மரத்தின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் செவ்வந்திக்கல் போன்ற படிகங்கள் வளர்ந்தன.

1853-இல் ரயில் பாதைக்கு வழி தேடி வந்த லெப்டினன்ட் விப்பிள் குழுவினர் இக்கல்மரங்களைப் பார்த்துப் பதிவு செய்தனர். 1880களில் ரயில் வந்ததும் ஆபத்தும் கூடவே வந்தது. படிகம் தேடியவர்கள் மரங்களை வெடி வைத்துப் பிளந்தனர். நகைக்கும் மேசைப் பலகைக்கும் கல் அள்ளப்பட்டது. மரங்களை நொறுக்கிச் சாணைப்பொடி ஆக்குவதற்கென்று 1890களில் ஓர் ஆலையையே நிறுவினார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கிய கல்மரம் இருபது முப்பது ஆண்டுகளில் அழியும் நிலைக்கு வந்தது.

உள்ளூர் மக்கள் சும்மா இருக்கவில்லை. அரிசோனா சட்டமன்றம் 1895-இல் பாதுகாப்புக் கோரி அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. 1899-இல் லெஸ்டர் வார்டு என்ற அறிஞர் நேரில் ஆராய்ந்து அதையே வலியுறுத்தினார். 1906 டிசம்பர் 8 அன்று குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். 1962-இல் தேசியப் பூங்கா ஆனது.

வெடி வைப்பது நின்றது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவது நிற்கவில்லை. 'பலர் கல்லை எடுத்துச் செல்வதால் காடு அழிகிறது' என்று அறிவிப்புப் பலகை வைத்தால் என்ன ஆகும் என்று ராபர்ட் சியால்டினி குழுவினர் சோதித்தனர். அடையாளமிட்ட கற்களில் சுமார் 8 சதவீதம் காணாமல் போயிற்று! 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று மட்டும் எழுதியபோது 2 சதவீதத்துக்கும் குறைவு. ஊரே எடுக்கிறது என்று சொன்னால் நாமும் எடுத்தால் என்ன என்று தோன்றிவிடுகிறது போலும்.

எடுத்துப் போனவர்கள் சிலர் பின்னாளில் மன்னிப்புக் கடிதத்துடன் கல்லைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று தெரியாததால், கண்ட இடத்தில் வைத்தால் ஆய்வாளர்களைக் குழப்பிவிடும். எனவே அவற்றைத் தனியே ஒரு குவியலாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். 'மனசாட்சிக் குவியல்' என்று அதற்குப் பெயர். திரும்பி வந்தும் அந்தக் கற்களால் தம் இடத்துக்குப் போக முடியவில்லை.